புதிய ஆராய்ச்சிக்கூடக் கட்டடம்: மின்சாரத்தை உண்மையில் எங்கே மிச்சப்படுத்துவது?

கட்டடக்குழு கேட்டது:

வணக்கம் நண்பர்களே. பல்கலைக்கழகத்தில் வேதியியலுக்கும் உயிரியலுக்கும் சேர்த்து நான்கு மாடி ஆராய்ச்சிக் கட்டடம் திட்டமிடுகிறோம். மொத்தம் 6,000 சதுர மீட்டர், கூரை 1,500 சதுர மீட்டர். இடம் ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரப்பதமும் உள்ளது. வேதியியல் துறை 40 ஃபியூம் ஹூட் (நச்சு ஆவியை உறிஞ்சி வெளியேற்றும், கண்ணாடிக் கதவுள்ள பெட்டி) கேட்கிறது. உயிரியல் துறைக்கு மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் 20, ஆட்டோகிளேவ் (நீராவியால் கிருமிநீக்கம் செய்யும் கருவி) 4 வேண்டும்.

ஆர்க்கிடெக்ட் கொடுத்த முதல் வரைபடத்தில் சோலார் பலகை, மாடித் தோட்டம், வெயில் மறைப்பு, இரட்டைக் கண்ணாடி எல்லாம் அழகாக இருக்கின்றன. காற்றோட்டத்துக்கு மட்டும் ‘பின்னர் முடிவு செய்யப்படும்’ என்று ஒரு வரி. இந்த வரிசை சரியா? முதலில் எதை முடிவு செய்ய வேண்டும்? வெளியேற்றும் காற்றிலிருந்து குளிர்ச்சியை மீட்கும் கருவி ஒன்றை ஒரு விற்பனையாளர் வலியுறுத்துகிறார், அது தேவையா? தண்ணீர், கட்டுமானம் பற்றித் தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.

காற்றுவழி பதில்:

வரிசை தலைகீழாக இருக்கிறது. ஆராய்ச்சிக்கூடத்தின் மின்சாரச் செலவைத் தீர்மானிப்பது சுவரோ கண்ணாடியோ அல்ல, உள்ளே வந்து வெளியே போகும் காற்றின் அளவு. ஹூட் உள்ள கூடத்தின் காற்றைச் சாதாரண ஏசி போலத் திரும்பச் சுழற்ற முடியாது. குளிர்வித்து உள்ளே விட்ட காற்று முழுவதையும் வெளியே தள்ளுகிறோம். அதனால்தான் அலுவலகக் கட்டடத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் போகிறது.

ஒரு ஹூட்டை எடுத்துக் கணக்குப் போடுங்கள். வாய் அகலம் 1.5 மீட்டர், கண்ணாடிக் கதவு 45 சென்டிமீட்டர் திறப்பு, முகப்பு வேகம் (அந்தத் திறப்பு வழியாகக் காற்று உள்ளே போகும் வேகம்) நொடிக்கு 0.5 மீட்டர். நொடிக்கு 0.34 கன மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 1,200 கன மீட்டர் காற்று வெளியேறும். அதற்கு ஈடாக 30 டிகிரி, 70 சதவீத ஈரப்பதமுள்ள வெளிக்காற்றை 13 டிகிரிக்குக் குளிர்விக்க ஏறக்குறைய 16 கிலோவாட் குளிர்த்திறன் வேண்டும். ஒரே ஒரு ஹூட்டுக்கு நாலரை டன் ஏசி! ஃபேன் செலவு தனி. உள்ளே தள்ளும் ஃபேன், வெளியே இழுக்கும் ஃபேன் இரண்டின் அழுத்தமும் சேர்த்து 2,000 பாஸ்கல், திறன் 60 சதவீதம் என்றால், அந்த ஹூட் இரவு பகலாக ஓட ஃபேனுக்கு மட்டும் ஆண்டுக்கு 9,900 யூனிட் போகும்.

40 ஹூட்டுக்கு 3,96,000 யூனிட். உங்கள் கூரையில் இயந்திரங்களும் புகைபோக்கிகளும் போக, பாதி இடத்தில்தான் சோலார் வைக்க முடியும். 750 சதுர மீட்டரில் சுமார் 150 கிலோவாட் பலகை. நல்ல வெயில் இருந்தால் ஆண்டுக்கு இரண்டு லட்சம் யூனிட்டை ஒட்டி வரும். ஹூட் ஃபேன்களுக்கே பாதிதான் காணும், சில்லருக்கு (ஏசிக்கான நீரைக் குளிர்விக்கும் இயந்திரத்துக்கு) ஒன்றும் மிஞ்சாது. சோலார் வேண்டாம் என்று சொல்லவில்லை. காற்றைக் குறைத்த பிறகு வைத்தால்தான் அதற்குப் பொருள் உண்டு.

காற்றைக் குறைப்பது எப்படி? ஒவ்வொரு அறைக்கும் மூன்று எண்கள் எழுதுங்கள். ஹூட் இழுக்கும் காற்று, அறையின் வெப்பத்தை அகற்றத் தேவையான காற்று, பாதுகாப்புக்கான குறைந்தபட்சக் காற்று மாற்றம் (அறையின் காற்று முழுவதும் மணிக்கு எத்தனை முறை மாறுகிறது என்ற எண்). மூன்றில் பெரியதுதான் அந்த அறையை ஆளும். மற்ற இரண்டைக் குறைத்துப் பயனில்லை. 100 சதுர மீட்டர், 3 மீட்டர் உயரமுள்ள கூடத்தில் இரண்டு ஹூட் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஹூட்டுக்கும் சேர்த்து மணிக்கு 2,430 கன மீட்டர். மணிக்கு 6 மாற்றம் என்றால் 1,800. இப்போது வெப்பத்துக்கு வாருங்கள். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று கருவிகளுக்குச் சதுர மீட்டருக்கு 150 வாட் போட்டால், 13 டிகிரி காற்றை அனுப்பி 23 டிகிரியில் அறையை வைக்க மணிக்கு 4,480 கன மீட்டர் வேண்டும். ஓடும் கூடங்களில் மீட்டர் வைத்து அளந்தால் பெரும்பாலும் 30 முதல் 50 வாட்டுக்குள் நிற்கும். 40 வாட்டுக்குக் கணக்கிட்டால் 1,190 கன மீட்டர் போதும். ஒரே ஒரு தவறான ஊகம் மொத்த ஏசி அமைப்பையும் இரண்டு மடங்காக்கிவிடுகிறது. அதோடு முடியவில்லை. தேவைக்கு மேல் வரும் குளிர்காற்றால் ஆட்கள் நடுங்குவார்கள், அதைச் சரிசெய்ய ஹீட்டர் வைத்து மறுபடி சூடாக்குவார்கள். குளிர்விக்கவும் சூடாக்கவும் ஒரே நேரத்தில் மின்சாரம் எரியும்.

ஆகவே முதல் வேலை, இப்போதைய கூடங்களின் மின்பலகையில் இரண்டு வாரம் மீட்டர் பொருத்தி, 15 நிமிடத்துக்கு ஒரு முறை பதிவெடுப்பது. கருவிகளின் பெயர்ப்பலகையில் உள்ள வாட்டைக் கூட்டி எடுக்கும் கணக்கு உதவாது. எந்தக் கருவியும் முழுச் சுமையில் நாள் முழுக்க ஓடுவதில்லை.

இரண்டாவது, அழுத்த இழப்பு. காயில், அதாவது குளிர்நீர் ஓடும் குழாய்ச் சுருள் வழியாகக் காற்று நொடிக்கு 2.5 மீட்டரில் போவதுதான் வழக்கம். 1.5 மீட்டராகக் குறைத்தால் அங்குள்ள இழப்பு மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கும். அதற்குப் பெரிய ஏசி பெட்டி வேண்டும், பெரிய பெட்டிக்குப் பெரிய அறை வேண்டும். இயந்திர அறையின் அளவு முதல் வரைபடத்திலேயே உறுதியாக வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். முக்கிய டக்ட்டில் (காற்று போகும் குழாயில்) நொடிக்கு 5 முதல் 7 மீட்டர் போதும். மாடி உயரம் 4.5 மீட்டர் கொடுங்கள். 3.8 கொடுத்தால் டக்ட் நெருக்கடியில் வளைவுக்கு மேல் வளைவு வரும், ஒவ்வொரு வளைவுக்கும் ஃபேன் கூலி கொடுக்கும்.

மூன்றாவது, கதவு திறப்புக்கு ஏற்பக் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஹூட்டுகள். மூடியிருக்கும்போது மணிக்கு 300 முதல் 450 கன மீட்டரில் நிற்கும். ஒன்றைக் கவனியுங்கள். அறையின் குறைந்தபட்சக் காற்று மாற்றத்தை 10 என்று பூட்டி வைத்துவிட்டால், ஹூட்டை மூடினாலும் மிச்சம் வராது. அறையின் பொது வெளியேற்றம் அந்த அளவை ஈடுகட்டி இழுத்துவிடும்.

புகைபோக்கியிலும் இதே வகைச் சிக்கல் இருக்கிறது. வெளியேறும் காற்று மேலே பாய, வாயில் நொடிக்கு 15 மீட்டர் வேகம் கேட்பார்கள். ஹூட் மூடிக் காற்று குறைந்ததும் அந்த வேகத்தைக் காக்க, பைபாஸ் டேம்பர் (மாற்றுவழியைத் திறந்து மூடும் தகடு) திறந்து கூரைக் காற்றை உறிஞ்சும். ஃபேன் முன்போலவே முழு மூச்சில் ஓடும். ஒரு பெரிய ஃபேனுக்குப் பதில் நான்கு சிறிய ஃபேன்களை ஒரே தொகுப்பில் வைத்து, தேவைக்கேற்ப ஒவ்வொன்றாக நிறுத்துங்கள். புகைபோக்கியைக் கொஞ்சம் உயர்த்தி, காற்றுச் சுரங்கச் சோதனை செய்தால் குறைந்த வேகத்துக்கும் அனுமதி பெற வழி உண்டு.

கட்டடக்குழு:

நன்றி காற்றுவழி. இரண்டு எண்களைக் குழுவில் எடுத்துச் சொன்னாலே போதும், பேச்சு மாறிவிடும். குளிர்ச்சி மீட்புக் கருவி பற்றிச் சொல்லவில்லையே?

காற்றுவழி பதில்:

விற்பனையாளர் எந்த வகையைச் சொல்கிறார் என்று கேளுங்கள். வெளியேறும் டக்ட்டில் ஒரு காயில், உள்ளே வரும் டக்ட்டில் ஒரு காயில், நடுவே தண்ணீர் சுற்றுவது என்றால், கலப்பு ஆபத்து இல்லாததால் ஹூட் காற்றுக்கும் பொருந்தும். குளிர்நாடுகளில் அருமையான ஏற்பாடு. வெளியே மைனஸ் 5, உள்ளே 22 என்றால் 27 டிகிரி வித்தியாசம் கிடைக்கிறது. உங்கள் இடத்தில் வெளியே 30, வெளியேறும் காற்று 23. ஏழு டிகிரியில் பாதியை மீட்டால் மூன்றரை டிகிரி. முன்சொன்ன ஹூட்டின் 16 கிலோவாட்டில் ஒன்றரைகூடத் தேறாது. உங்கள் சுமையில் பெரும்பங்கு ஈரப்பதத்தைப் பிழிந்தெடுப்பதற்குப் போகிறது, அதை இந்தக் காயில் தொடுவதே இல்லை. கூடவே இரண்டு காயில்களின் அழுத்த இழப்பையும் ஃபேன் ஆண்டு முழுக்கச் சுமக்க வேண்டும்.

ஈரத்தையும் மீட்கும் சுழல் சக்கரம் உங்களுக்கு நல்ல பலன் தரும். ஆனால் சக்கரம் சுழலும்போது வெளியேறும் காற்றில் கொஞ்சம் உள்ளே கசியும். ஹூட் காற்றுக்கு அதை வைக்கக் கூடாது. அலுவலக அறை, கூட்ட அறை, ஹூட் இல்லாத கருவிக்கூடம் ஆகியவற்றின் வெளியேற்றத்துக்குத் தனி டக்ட் விட்டு, அதில் சக்கரம் வையுங்கள்.

ஹூட் பகுதிக்கு நான் பரிந்துரைப்பது, குளிர்விக்கும் காயிலின் முன்னும் பின்னும் ஒரு ஜோடி காயில் அல்லது ஹீட் பைப் (பம்ப் இல்லாமலே சூட்டைக் கடத்தும் மூடிய குழாய்). வெளிக்காற்றின் சூட்டை முன்னால் எடுத்து, ஈரம் பிழியப்பட்டுக் குளிர்ந்த காற்றுக்குப் பின்னால் கொடுக்கும். சில்லரின் சுமையும் இறங்கும், மறுசூட்டு ஹீட்டரும் தேவைப்படாது.

பாதுகாப்புப்பிரிவு பதில்:

காற்றுவழி சொன்ன கணக்கை மறுக்கவில்லை. ஆனால் காற்றைக் குறைக்கும் முடிவைப் பொறியாளர் மட்டும் எடுக்கக் கூடாது. அறை வாரியாக என்ன வேதிப்பொருள், எவ்வளவு, என்ன வேலை என்று ஆபத்து மதிப்பீடு செய்து அதன்மேல் எண் வைக்க வேண்டும். சாதாரண கரிம வேதியியல் கூடத்துக்கு ஆள் இருக்கும்போது மணிக்கு 6 முதல் 8 காற்று மாற்றம், இல்லாதபோது 4 என்று பல இடங்களில் ஓடுகிறது. எல்லா அறைக்கும் 12 என்று போடுவது பாதுகாப்பு அல்ல. மேசைமேல் பாட்டில் உடைந்தால் அருகில் நிற்பவரின் மூச்சுக்குள் ஆவி போவதை 12 மாற்றமும் தடுக்காது. ஆவியை உண்டாகும் இடத்திலேயே பிடிப்பது ஹூட்தான்.

அதனால் ஹூட்டின் பிடிப்பில் சமரசம் கூடாது. நொடிக்கு 0.3 மீட்டர் முகப்பு வேகத்தில் இயங்கும் உயர்திறன் ஹூட்டுகள் கிடைக்கின்றன, காற்று 40 சதவீதம் குறையும். வாங்குவதற்கு முன் தொழிற்சாலையிலும், நிறுவிய பிறகு உங்கள் அறையிலும் ஆஷ்ரே 110 (ஹூட்டின் பிடிப்பை அளக்கும் அமெரிக்கத் தரமுறை) வாயுக் கசிவுச் சோதனை நடத்தும்படி ஒப்பந்தத்தில் எழுதுங்கள். தொழிற்சாலையில் தேறிய ஹூட் அறையில் தோற்பதற்குப் பெரும்பாலும் காரணம் குறுக்குக் காற்று. கூரையிலிருந்து வரும் ஏசி காற்று ஹூட் வாயருகே முகப்பு வேகத்தில் பாதியைத் தாண்டினால் ஆவி வெளியே சுருண்டு வரும். 0.3 ஹூட்டுக்கு அந்த வரம்பு 0.15 தான். ஹூட்டைக் கதவுக்கருகிலோ நடைபாதை ஓரத்திலோ வைக்காதீர்கள். ஏசி வாயைத் துளைத்தகடு வகையாக்கி, ஹூட்டிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி வையுங்கள்.

40 ஹூட் உண்மையில் வேண்டுமா என்றும் கேளுங்கள். பல கூடங்களில் பாதி ஹூட்டுகள் பாட்டில் அடுக்கும் அலமாரியாகத்தான் கிடக்கின்றன. பாட்டில் நிறைந்த ஹூட்டில் கண்ணாடிக் கதவை யாரும் இறக்குவதில்லை. கரைப்பான்களுக்குக் காற்றோட்டமுள்ள பாதுகாப்பு அலமாரி கொடுத்தால் ஹூட் எண்ணிக்கை தானாக இறங்கும். அந்த அலமாரிக்குத் தேவைப்படும் காற்று ஹூட்டினுடையதில் மிகச் சிறு பங்கு. ஆள் நகர்ந்ததும் தானே இறங்கும் கதவு, திறந்தே கிடந்தால் ஒலிக்கும் மணி இரண்டும் செலவுக்குத் தகும்.

எல்லா ஹூட்டையும் ஒரே டக்ட் தொகுப்பில் சேர்ப்பது நல்லது, இரண்டு விலக்குகளோடு. பெர்குளோரிக் அமிலம் காய்ச்சும் ஹூட்டுக்குத் தண்ணீரால் கழுவும் வசதியுள்ள தனி டக்ட் கட்டாயம். டக்ட்டில் படியும் பெர்குளோரேட் உப்பு வெடிக்கக் கூடியது. கதிரியக்கப் பொருள் கையாளும் ஹூட்டும் தனியே இருக்கட்டும்.

உயிரியல் பக்கம் ஒன்று. பயோசேஃப்டி கேபினெட் (கிருமிகளோடு வேலை செய்வதற்கான, காற்றை வடிகட்டும் பெட்டி) கேட்கும்போது கவனம் தேவை. கிளாஸ் 2 ஏ2 வகை காற்றில் பெரும்பகுதியை வடிகட்டி உள்ளேயே சுழற்றும். பி2 வகை முழுவதையும் வெளியேற்றும், ஒரு பெரிய ஹூட்டுக்கு நிகரான செலவு. ஆவியாகும் நச்சு வேதிப்பொருளோடு வேலை இல்லையென்றால் ஏ2 போதும். பட்டியலில் காரணம் எழுதாமல் பி2 இருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

குளிர்அறை பதில்:

ஆய்வக நிர்வாகப் பக்கத்திலிருந்து சில.

ஃப்ரீசர்: பழைய மைனஸ் 80 ஃப்ரீசர் நாளொன்றுக்கு 20 யூனிட் வரை இழுக்கும், புதிய இன்வெர்ட்டர் வகை 9 யூனிட்டுக்குள் நிற்கும். அது இழுக்கும் மின்சாரம் முழுவதும் அறையில் வெப்பமாக இறங்குகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 20 பழைய பெட்டிகள் என்றால் இடைவிடாத 16.7 கிலோவாட் சூடு. அவற்றைக் கூடங்களுக்குள் சிதற விட்டால், அந்தச் சூட்டை வெளிக்காற்றைக் குளிர்வித்துத்தான் போக்க வேண்டும், மிக விலையுயர்ந்த வழி அது. மாடிக்கு ஒரு ஃப்ரீசர் அறை ஒதுக்கி, காற்றைச் சுழற்றும் சாதாரண ஃபேன் காயில் வையுங்கள். பெட்டிக்குப் பின்னால் 15 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். மைனஸ் 70 இல் வைக்கக்கூடிய மாதிரிகளுக்கு அப்படியே வைத்தால் ஏறக்குறைய 30 சதவீதம் மிச்சம். ஜெனரேட்டர் இணைப்பும் வெப்பநிலை எச்சரிக்கையும் அந்த அறைக்கு முதல் நாளே இருக்கட்டும், இல்லையென்றால் ஆராய்ச்சியாளர்கள் நம்பித் தங்கள் பெட்டியை அங்கே கொண்டுவர மாட்டார்கள். தனி அறை தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஆட்டோகிளேவ்: சாக்கடைக்குப் போகும் நீர் 60 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதற்காகப் பழைய வடிவங்களில் குளிர்நீர் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும். நிமிடத்துக்கு 4 லிட்டர் என்றால் நாளுக்கு 5,760 லிட்டர், நான்கு கருவிக்கு 23,000 லிட்டர். வடிகாலில் வெப்ப உணரியும் மின்சாரத்தால் திறந்து மூடும் சொலினாய்டு வால்வும் இருந்தால், சூடான நீர் வரும்போது மட்டும் திறக்கும். டெண்டரில் ஒரே வரி எழுதினால் போதும்.

வெற்றிடத்துக்குக் குழாய்நீர் ஆஸ்பிரேட்டர் (நீரோட்டத்தால் காற்றை உறிஞ்சும் கருவி), கண்டென்சருக்கு (ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்கும் கருவிக்கு) குழாய்நீர் இரண்டையும் கட்டடத்துக்குள் அனுமதிக்காதீர்கள். டயாஃபிரம் பம்பும் சுழற்சிச் சில்லரும் கொடுத்துவிடுங்கள். மேசைகளில் குழாய் இருந்தால் ரப்பர் டியூபை மாட்டி விடுவார்கள், ஆகவே ஹூட்டுக்குள் தண்ணீர்க் குழாய் கேட்பவர்களிடம் காரணம் கேளுங்கள்.

ஏசி காயிலில் வடியும் நீரை வீணாக்க வேண்டாம். நொடிக்கு 9.5 கன மீட்டர் வெளிக்காற்று என்றால் முன்சொன்ன ஈரப்பதத்தில் மணிக்கு 350 லிட்டருக்கு மேல் கிடைக்கும். உப்பு இல்லாத நீர், கூலிங் டவருக்கு (சில்லரின் சூட்டை வெளிக்காற்றில் விடும் கோபுரத்துக்கு) மிகப் பொருத்தம். கிருமிநீக்கம் செய்து விடுங்கள்.

தூணும்தளமும் பதில்:

கட்டுமானம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன்.

அதிர்வு வரம்பை மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே மாதிரி கேட்பதுதான் சிமெண்டையும் கம்பியையும் தின்னும். சாதாரண நுண்ணோக்கிக்கு விசி-ஏ என்ற அதிர்வுத் தரநிலை, அதாவது நொடிக்கு 50 மைக்ரோமீட்டர் போதும். எலக்ட்ரான் நுண்ணோக்கி வகைக்கு விசி-ஈ வரை, சுமார் 3 மைக்ரோமீட்டர் கேட்பார்கள். நுட்பக் கருவிகளைத் தரைத்தளத்தில், மண்மேல் நேராக அமரும் தளத்தில், மற்ற தளத்திலிருந்து பிரித்து வையுங்கள். மேல்மாடிகளை விசி-ஏ அளவில் விட்டுவிடலாம். லிஃப்ட், பம்ப், சில்லர் மூன்றும் அந்த மூலைக்கு எதிர்ப்பக்கம்.

மேசை அடுக்குக்கு 3.3 மீட்டர் அலகு நன்றாகப் பொருந்தும், தூண் இடைவெளி 6.6. துறை மாறினாலும் சுவரை மட்டும் நகர்த்தி மாற்றலாம். இன்னொரு 30 ஆண்டு இடிக்காமல் ஓட்டுவதைவிடப் பெரிய கார்பன் சேமிப்பு கட்டுமானத்தில் இல்லை என்பது என் கருத்து.

கான்கிரீட்டில் பாதி சிமெண்டுக்குப் பதில் இரும்பாலைக் கசடுத் தூள் போடலாம். ஆரம்ப வலிமை மெதுவாக ஏறும், முட்டுகளைக் கழற்றும் நாள் தள்ளிப்போகும். ஒப்பந்தக்காரரின் கால அட்டவணையில் அதை முன்பே சேர்க்காவிட்டால் பாதியில் பழைய கலவைக்கே திரும்பிவிடுவார்.

மரக் கட்டுமானம் வேண்டும் என்று யாராவது சொன்னால், நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் கார்பன் சமநிலை ஆய்வகத்தைப் பாருங்கள். வேதியியல் கூடத்தையே மரச்சட்டத்தில் கட்டினார்கள். 2014 இல் கட்டிக்கொண்டிருந்தபோது தீப்பிடித்து அழிந்தது, மறுபடி கட்டி 2017 இல் திறந்தார்கள். முடிந்த கட்டடத்தில் தீத்தடுப்பு இருக்கும். கட்டிக்கொண்டிருக்கும் மாதங்களில் மரம் மூடப்படாமல் நிற்கும், தெளிப்பானும் இயங்காது. அந்தக் காலத்துக்குத் தனித் தீத்திட்டம் வேண்டும்.

கட்டடக்குழு:

எல்லோருக்கும் மிக்க நன்றி. கடைசியாக ஒன்று. ‘சில்டு பீம்’ (கூரையில் பொருத்தும், உள்ளே குளிர்நீர் ஓடும் குளிரூட்டி) வைத்தால் காற்றைக் குறைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. காற்றின் தரத்தை உணரி மூலம் அளந்து காற்றைக் கூட்டிக் குறைப்பதும் பேச்சில் இருக்கிறது. இரண்டும் உங்கள் பார்வையில்?

காற்றுவழி பதில்:

பீம்: ஹூட் நெருக்கமான கூடத்தில் தேவையில்லை. ஹூட்டுக்காக வரும் காற்றே குளிர்ச்சிக்கும் போதும். கருவி அதிகம், ஹூட் குறைவு என்ற அறைகளில் மிக நல்லது. உங்கள் ஈரப்பதத்தில் ஒரு கண்டிப்பு உண்டு. 24 டிகிரி, 50 சதவீத ஈரப்பதத்தில் பனிநிலை (காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 13 டிகிரிக்கு அருகில். பீமுக்குப் போகும் நீர் 15, 16 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. ஆராய்ச்சிக்கூடம் எதிர்மறை அழுத்தத்தில் இருப்பதால் சுவர் இடுக்கு, கதவு எல்லாவற்றின் வழியாகவும் ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். திறக்கக்கூடிய ஜன்னல் வைத்தீர்களானால் பீமிலிருந்து மேசைமேல் சொட்டும். அறைக்கொரு பனிநிலை உணரி வைத்து, எல்லை நெருங்கினால் நீர் வால்வு மூடும்படி செய்யுங்கள். வெளிச்சுவரின் காற்றுக் கசிவுச் சோதனையை உள்வேலை தொடங்கும் முன்பே நடத்துங்கள், பிறகு இடுக்கைத் தேடி அடைக்க முடியாது.

உணரி முறை: பகலில் 4, இரவில் 2 மாற்றத்தில் ஓட்டி, ஆவி தெரிந்தால் 12 க்கு ஏற்றும் ஏற்பாடு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகம் இப்படிப் பழைய ஆய்வகக் கட்டடங்களையே மாற்றி மின்சாரத்தை ஏறக்குறைய பாதியாக்கிக் காட்டியது. அங்கே அது எடுபட்டதற்கு உணரியைப் பராமரிக்கும் ஆட்களும் காரணம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை உணரிகளை மாற்றவோ சரிபார்க்கவோ பட்ஜெட் இல்லையென்றால் வைக்காதீர்கள். பழுதான உணரி ‘காற்று சுத்தம்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

பாதுகாப்புப்பிரிவு பதில்:

அதோடு ஒன்று சேர்க்கிறேன். அந்த உணரிகள் எல்லா வாயுவையும் பிடிப்பதில்லை. கரிம ஆவிகளைக் காணும் வகை பெரும்பாலான அமில வாயுக்களுக்கு மௌனமாக இருக்கும். அப்படிப்பட்ட பொருள் கையாளும் அறைகளை இரவுக் குறைப்பிலிருந்து விலக்குங்கள். ஒப்படைப்புச் சோதனையில் நான்கு நிலைகளைக் கட்டாயம் கேளுங்கள். எல்லா ஹூட்டும் மூடி, எல்லாம் திறந்து, ஒரு வெளியேற்ற ஃபேன் நின்று, மின்சாரம் போய்த் திரும்ப வந்து. நான்கிலும் காற்று நடைபாதையிலிருந்து கூடத்துக்குள்தான் போக வேண்டும், கதவையும் ஒரு கையால் திறக்க முடிய வேண்டும். கடைசி நிலையில்தான் அதிகம் சிக்கல் வரும். உள்ளே தள்ளும் ஃபேன், வெளியே இழுக்கும் ஃபேனுக்கு முந்திக் கிளம்பிவிட்டால் கூடத்து ஆவி நடைபாதைக்குத் தள்ளப்படும். கட்டுப்பாட்டு நிரலில் வெளியேற்ற ஃபேன் முதலில் என்ற வரிசையை எழுத்தில் வாங்குங்கள்.